பொன்னுக்கு ஒரு விலை, நினைவுக்கு ஒரு விலை

லண்டன் பொற்கொல்லர் கழகத்தின் மாளிகையில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு விசாரணை தொடங்குகிறது. விசாரிக்கப்படுவது காசுகள். பிரிட்டனின் அரச நாணயச்சாலை அந்த ஆண்டு அடித்த காசுகளிலிருந்து கை போன போக்கில் எடுத்து வைத்த மாதிரிகள், சிறு பொட்டலங்களாக மேசைக்கு வருகின்றன. நடுவர் குழுவினர் அவற்றைப் பிரித்து எண்ணுவார்கள். ஒரு காசைச் செப்புக் கிண்ணத்தில் போட்டு, மிச்சத்தை மரக் கிண்ணத்தில் தள்ளுவார்கள். செப்புக் கிண்ணத்தில் விழுந்தவை ஆய்வகத்துக்குப் போகும். எடை சரியா, குறுக்களவு சரியா, மாற்று குறையாமல் இருக்கிறதா என்ற தீர்ப்பு சில மாதங்கள் கழித்து வரும். 'பிக்ஸ் சோதனை' என்ற இந்த வழக்கம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. 1871 முதல் இந்த மாளிகையில் நடக்கிறது.

எந்திரங்கள் நொடியில் பகுத்துச் சொல்லும் காலத்திலும் இந்தச் சோதனையைக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தங்க நாணயம் வாங்குபவர் அதை உருக்கிப் பார்த்து வாங்க முடியாது. அதில் பொறித்திருக்கும் அரசு முத்திரையை நம்பித்தான் பணத்தை நீட்டுகிறார். அந்த முத்திரைக்கும் மேலே ஒருவர் உட்கார்ந்து சோதிக்கிறார் என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு அடித்தளம்.

ஆனால் முத்திரை எதற்கெல்லாம் உத்தரவாதம் தருகிறது? அரசி முடிசூடி இத்தனை ஆண்டு, நாடு பிறந்து இத்தனை ஆண்டு என்று நாணயச்சாலைகள் வெளியிடும் நினைவுத் தங்கக் காசுகளை வாங்குவோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அந்தக் காசில் இரண்டு சரக்குகள் ஒன்றாக விற்கப்படுகின்றன. ஒன்று தங்கம், பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு வரை வேதியியலால் அளந்து சொல்ல முடிந்தது. மற்றொன்று அந்த நிகழ்வின் நினைவு; எந்தத் தராசிலும் நிற்காதது. அரசின் உத்தரவாதம் முதலாவதற்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்குபவர்கள்தான் பிற்பாடு விற்கப் போகும்போது முகம் வாடித் திரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் நாள்தோறும் எழுதிப் போடப்படும் 'சவரன் விலை'க்கும் லண்டன் மாளிகையில் சோதிக்கப்படும் காசுக்கும் நேரடி உறவு உண்டு. 1489இல் ஏழாம் ஹென்றி மன்னர் அடித்த பெரிய பொற்காசுதான் முதல் சாவரின். இன்றைய வடிவம் 1817இல் வந்தது. இத்தாலியச் சிற்பி பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி செதுக்கிய, குதிரை மீதிருந்து நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜின் உருவம் அதன் பின்புறத்தை அலங்கரித்தது. எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், மாற்று 22 காரட். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். நம் ஊர்க் கடைகளில் ஒரு சவரன் என்பது இன்று முழுசாக 8 கிராம். அசல் காசை விட நூற்றில் ஒரு கிராம் அளவுக்குத்தான் கூடுதல். 916 என்று நகையில் பொறிக்கப்படும் எண்ணும் அதே 22 காரட்தான். 24இல் 22 பங்கு என்பது ஆயிரத்தில் 916.67.

இந்தக் காசு இந்திய மண்ணிலும் அடிக்கப்பட்டிருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1918இல், பம்பாய் நாணயச்சாலையின் ஒரு பகுதி லண்டன் நாணயச்சாலையின் கிளையாக இயங்கி ஏறத்தாழ 13 லட்சம் சாவரின்களை அடித்தது. தேதிக்கு மேலே மண்ணில் பொடிதாக ஓர் 'ஐ' எழுத்து இருக்கும், அதுதான் அடையாளம். அதே ஆண்டு அதே எடையிலும் மாற்றிலும் 15 ரூபாய் மொகராவும் அங்கே அடிக்கப்பட்டது. 2013 முதல் அரச நாணயச்சாலையின் உரிமத்துடன் ஹரியானாவிலுள்ள எம்எம்டிசி-பாம்ப் ஆலையில் மீண்டும் அந்த 'ஐ' எழுத்துடன் சாவரின்கள் வெளிவந்தன.

சரி, 22 காரட் என்று சொன்னால் அதை எப்படி உறுதி செய்வது?

உரைகல்லில் தேய்த்து, கோட்டின் நிறம் பார்த்து மாற்றுச் சொல்வது நம் பத்தர்களின் கை தேர்ந்த வித்தை. ஆனால் அரசு முத்திரைக்கு அது போதாது. நூற்றாண்டுகளாகத் தொடரும் துல்லியமான வழி புடம் போடுவதுதான். காசிலிருந்து வெட்டிய சிறு துண்டை முதலில் நுண்தராசில் நிறுக்கிறார்கள். அதனுடன் தங்கத்தைப் போல் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுருட்டி, எலும்புச் சாம்பலாலோ மக்னீசியாவாலோ ஆன நுண்துளைக் கிண்ணத்தில் வைத்து, 1000 டிகிரி செல்சியசைத் தாண்டிய உலைக்குள் தள்ளுகிறார்கள். ஈயம் உருகி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, செம்பு முதலிய மலிவான உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்தின் சுவருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த ஒரு சிறு மணி. அதைத் தட்டி, தகடாக்கி, சுருட்டி, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் வெள்ளி கரைந்து போகும். தங்கம் மட்டும் அந்தச் சுருள் வடிவத்திலேயே நிற்கும். அதை மறுபடி நிறுத்தால் விடை கிடைத்துவிடும்.

கூடுதல் வெள்ளி எதற்கு என்று கேட்கலாம். தங்கம் மிகுந்த கலவையில் வெள்ளி அணுக்களைச் சுற்றித் தங்க அணுக்கள் அரணாக நின்றுவிடும். அமிலம் உள்ளே புகாது. வெள்ளியின் பங்கு முக்கால்வாசியை நெருங்கினால்தான் அமிலத்துக்கு வழி திறக்கும். இத்தனை எளிய கருவிகளை வைத்துக்கொண்டு பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு துல்லியம் வரை மாற்றுச் சொல்லிவிட முடிகிறது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவிகள் வந்த பிறகும், தகராறு என்று வந்தால் கடைசிச் சொல் புடத்துக்குத்தான்.

புடம் பொய் சொல்லாது; ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் பொய் சொல்லலாம். ஐசக் நியூட்டன் 1696இல் நாணயச்சாலையின் காப்பாளராகவும் 1699 முதல் சாகும்வரை அதன் தலைவராகவும் இருந்தார். 1710இல் நடந்த பிக்ஸ் சோதனையில் அவர் அடித்த பொற்காசுகள் மாற்றுக் குறைந்தவை என்று தீர்ப்பு வந்தது. ஈர்ப்பு விதி கண்டவரின் நாணயத்தின் மீதே பழி. நியூட்டன் அதைச் சும்மா விடவில்லை. சோதனைக்கு ஒப்பாக வைக்கப்பட்ட 1707ஆம் ஆண்டின் தங்கத் தகட்டைத் தானே ஆராய்ந்து, காசு குறைந்ததல்ல, அந்தத் தகடுதான் வேண்டிய 22 காரட்டை விடச் சற்றுக் கூடுதலாகச் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது என்று வாதாடினார். கடைசியில் 1707ஆம் ஆண்டுத் தகட்டை ஒதுக்கிவிட்டு, பழைய தகட்டுக்குத் திரும்பினார்கள்.

தங்கத்தை அளப்பது ஒரு கலை என்றால் தூய்மையாக்குவது இன்னொன்று. இதில் பெரிய திருப்பம் ஒரு நாணயச்சாலைக்குள்ளேயே நடந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களிலிருந்து சிட்னி நாணயச்சாலைக்கு வந்த பொன்னில் வெள்ளி கலந்திருந்தது. தொடக்ககாலச் சிட்னி சாவரின்கள் லண்டன் காசை விட வெளிறிய மஞ்சளாக இருந்ததற்கும் வெள்ளிதான் காரணம். அங்கே மாற்றுப் பார்ப்பவராக இருந்த பிரான்சிஸ் போயர் மில்லர், உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைக் குமிழியிட விட்டார். வெள்ளியும் மலிவான உலோகங்களும் குளோரைடுகளாக மாறி, மேலே மிதந்தன அல்லது ஆவியாகிப் பறந்தன. அந்த வெப்பத்தில் தங்கத்தின் குளோரைடு நிலைத்து நிற்காது என்பதால் தங்கம் மட்டும் அப்படியே தங்கியது. 1867இல் காப்புரிமை பெற்ற இந்த முறை உலகெங்கும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுமார் 99.5 விழுக்காடு வரை இது கொண்டுபோய் நிறுத்தும். அதற்கு மேல் நான்கு ஒன்பது, அதாவது 99.99 விழுக்காடு வேண்டுமென்றால் ஹாம்பர்க் நகரத்து எமில் வோல்வில் 1874இல் வகுத்த மின்பகுப்பு முறைதான். தங்கக் குளோரைடுக் கரைசலில் அசுத்தத் தங்கத் தகடு நேர்மின்வாயாகக் கரைய, எதிர்மின்வாயில் சுத்தத் தங்கம் மட்டும் படிகிறது.

இவ்வளவு சுத்தம் செய்ய முடியும் என்றால் எல்லாக் காசுகளையும் 24 காரட்டில் அடிக்கலாமே? இங்கே உலோகவியல் குறுக்கிடுகிறது. தங்கத்தில் அணுக்கள் தளம் தளமாக அமைந்திருக்கின்றன. அழுத்தினால் ஒரு தளம் இன்னொன்றின் மேல், அடுக்கி வைத்த அப்பளங்கள் நழுவுவதைப் போல, எளிதில் நழுவும். ஒரு கிராம் தங்கத்தைக் கிலோமீட்டர்க் கணக்கில் கம்பியாக இழுக்க முடிவதும், ஒளி ஊடுருவும் அளவு மெல்லிய தகடாக அடிக்க முடிவதும் இதனால்தான். இந்த மென்மையே காசுக்குப் பகை. நான்கு காசுகளை ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் அரசியின் மூக்கில் கீறல் விழும். தங்கத்தை விடச் சிறிய செம்பு அணுக்கள் இடையிடையே புகுந்தால் தளங்கள் நெளிந்து, நழுவல் தடைபட்டு, உலோகம் இறுகிவிடும். சாவரினில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு இருப்பது சிக்கனத்துக்காக அல்ல. கை மாறிக் கை மாறித் தேயாமல் இருப்பதற்காக.

தென்னாப்பிரிக்கா 1967இல் வெளியிட்ட க்ரூகரேண்ட் இதே தர்க்கத்தில் பிறந்தது. மொத்த எடை 33.93 கிராம்; அதில் சுத்தத் தங்கம் சரியாக ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். மிச்சம் முழுவதும் செம்பு. அதனால் காசின் நிறமே சிவந்திருக்கும். அதில் முகமதிப்பு எதுவும் பொறிக்கப்படவில்லை. அன்றைய தங்க விலைக்கே விலை என்ற முதலீட்டுக் காசு வகையை உலகச் சந்தையில் நிலைநாட்டியது அதுதான். கனடா 1979இல் மேப்பிள் இலைக் காசுடன் போட்டிக்கு வந்தது. 1982இல் அதன் மாற்றை 99.99க்கு உயர்த்தியது. அதன் பிறகு சுத்தமே விளம்பரமாயிற்று. 1986இல் 22 காரட் கழுகுக் காசைத் தொடங்கிய அமெரிக்கா 2006இல் 24 காரட் எருமைக் காசையும் சேர்த்துக்கொண்டது. 1987 முதல் 22 காரட்டில் வந்த பிரிட்டனின் பிரிட்டானியா 2013இல் 99.99க்கு மாறிவிட்டது. இக்காசுகள் புழங்குவதற்கு அல்ல, பெட்டகத்தில் வைப்பதற்கு என்று ஆன பிறகு மென்மை ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஒரு அவுன்ஸ் காசு 22 காரட்டாக இருந்தாலும் 24 காரட்டாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தங்கம் ஒன்றேதான். 22 காரட் காசில் செம்பின் எடை கூடுதலாகச் சேரும், அவ்வளவுதான். 24 காரட் என்றால் தங்கம் அதிகம் என்று நினைத்து அதிக விலை கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நினைவுக் காசு பெரும்பாலும் இரண்டு தோற்றங்களில் விற்பனைக்கு வரும். முதலீட்டு வகை ஒன்று. வில்லையை அச்சுக்கு நடுவே வைத்து எந்திரம் ஒரே அடியில் முடித்துவிடும். மற்றது 'புரூஃப்' எனப்படும் சேகரிப்பு வகை. இதற்கு வில்லையையும் அச்சையும் கண்ணாடி போல மெருகேற்றுகிறார்கள்; அச்சில் உருவம் வரும் பகுதியை மட்டும் லேசர் கொண்டோ நுண்மணல் பீய்ச்சியோ சொரசொரப்பாக்குகிறார்கள். பிறகு மெதுவாகப் பல முறை அழுத்துகிறார்கள். சமதளம் ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும். சொரசொரப்பான உருவம் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். கரிய கண்ணாடியின் மேல் பனி படர்ந்த முகம் மிதப்பது போன்ற அந்த அழகு ஒளிச்சிதறலின் வேலை. ஒரு விரல் ரேகை பட்டாலும் அது கெடும்; துணியால் துடைத்தாலும் கெடும். துடைத்துப் பளபளப்பாக்கிய சேகரிப்புக் காசின் மதிப்பு கடகடவென்று இறங்கிவிடும் என்பதை, பூஜையறைப் பொருட்களைத் தேய்த்து வைத்தே பழகிய கைகள் நினைவில் கொள்வது நல்லது.

தங்கம் துருப்பிடிக்காது. ஆனாலும் சுத்தத் தங்கக் காசுகளில் சில ஆண்டுகளில் செந்நிறப் புள்ளிகள் தோன்றி வாங்கியவரைத் திடுக்கிட வைப்பதுண்டு. ஆஸ்திரியத் தங்க டூகட் ஒன்றில் இப்படி வந்த கறையை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது அதில் வெள்ளி சல்பைடைக் கண்டார்கள். ஆலையில் எங்கோ ஒட்டிக்கொண்ட கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள், காசின் பரப்பில் அழுந்தி, காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுத்துச் சிவந்தால் இப்படி ஆகும். தங்கம் போலி என்பதற்கு அது சான்றல்ல. ஆனால் சேகரிப்பவர் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அது போதும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது சரக்கின் விலை வெளியே வருகிறது.

உலோகத்தின் விலைக்கு மேல் நாணயச்சாலை வைக்கும் கூடுதல் தொகையைப் புரிந்துகொள்ள, செய்கூலி கொடுத்துப் பழகிய தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு அவுன்ஸ் காசை அடிக்கவும் பத்தில் ஒரு அவுன்ஸ் காசை அடிக்கவும் ஏறக்குறைய ஒரே உழைப்புதான்: ஒரே அச்சு வேலை, ஒரே நிறுவை, ஒரே உறை. ஆகவே காசு சிறுக்கச் சிறுக்க, கிராமுக்கான கூலி ஏறிக்கொண்டே போகும். புரூஃப் காசில் அழுத்தமும் மெருகும் பெட்டியும் சான்றிதழும் சேர்ந்து இன்னும் ஏறும். அதற்கு மேல் 'இத்தனை காசுகள்தான் அடிக்கப்படும்' என்ற வரம்புக்கு ஒரு விலை. இந்தக் கடைசிப் பகுதி மட்டும் உலோகத்தையும் உழைப்பையும் சார்ந்ததல்ல. நாளை இன்னொருவர் அதே நிகழ்வை விரும்புவாரா என்பதைச் சார்ந்தது.

அந்த விருப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உச்ச உதாரணம் உண்டு. அமெரிக்கா 1933இல் நான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான 20 டாலர் பொற்காசுகளை அடித்தது. பொருளாதார நெருக்கடியில் தங்கக் காசு வெளியிடுவதே நிறுத்தப்பட்டதால் அவற்றில் ஏறத்தாழ எல்லாமே உருக்கப்பட்டன. தனிநபர் வைத்துக்கொள்ளச் சட்டப்படி அனுமதி பெற்ற ஒரே ஒரு காசு 2021 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் 1.89 கோடி டாலருக்குப் போனது. அதிலிருக்கும் தங்கம் ஒரு அவுன்ஸ்கூட முழுசாக இல்லை. ஆனால் இது தற்செயலாக நேர்ந்த அரிது. ஆண்டுதோறும் புதுப்புது நிகழ்வுகளுக்காகத் திட்டமிட்டு அடிக்கப்படும் அரிதுக்கு இந்தக் கதையைக் காட்டி விற்பது நியாயமில்லை.

கூடுதல் விலையே ஒரு குற்றத்துக்கு வித்திட்ட வரலாறும் உண்டு. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் புழக்கத்துக்கான சாவரின் அடிப்பதை மெல்ல நிறுத்திக்கொண்டது. ஆனால் மத்திய கிழக்கிலும் தென் ஐரோப்பாவிலும் மக்கள் தாள் பணத்தை நம்பாமல் சாவரினையே தேடினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அதன் விலை உள்ளிருக்கும் தங்கத்தின் மதிப்பைக் கணிசமாகத் தாண்டியது. உடனே இத்தாலியின் மிலான் முதலிய இடங்களில் கள்ளப் பட்டறைகள் முளைத்தன. வியப்பு என்னவென்றால் அவர்கள் தங்கத்தில் கை வைக்கவில்லை. சரியான எடையில், சரியான மாற்றில் நிஜத் தங்கத்தையே வார்த்து, முத்திரையை மட்டும் திருடினார்கள். விலை வித்தியாசமே போதுமான லாபமாக இருந்தது. புடத்தில் போட்டாலும் அவை தேறிவிடும்! நீதிமன்றங்களில் 'இனி புழக்கத்தில் இல்லாத காசைப் போலி செய்தால் அது கள்ளப்பணமா?' என்ற வாதமும் எழுந்தது. 1957இல் பிரிட்டன் மீண்டும் சாவரின்களைப் பெருமளவில் அடிக்கத் தொடங்கியதற்கு இது முக்கியக் காரணம். சரக்கு தாராளமாகக் கிடைத்ததும் விலை வித்தியாசம் சுருங்கியது, கள்ளப் பட்டறைக்காரரின் லாபமும் சுருங்கியது. லண்டன் டவர் ஹில்லில் இருந்த நாணயச்சாலை வேல்ஸிலுள்ள லான்ட்ரிசன்ட்டுக்கு இடம் பெயர்ந்தபோது, 1975 நவம்பரில் லண்டனில் அடிக்கப்பட்ட கடைசிக் காசும் ஒரு சாவரின்தான்.

மலிவான உலோகத்தால் போலி செய்வது வேறு கதை. அங்கே காவல் நிற்பது அடர்த்தி. தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 9. ஈயத்தில் சாவரின் செய்து எடையைச் சரிக்கட்டினால், குறுக்களவு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் தடிமன் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். எடை, அகலம், தடிமன் மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும் என்பதுதான் காசு வடிவத்தின் பெரும் பலம். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நுண்தராசின் மேல் ஒரு கிண்ணம் நீரை வைத்து, சாவரினை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் மூழ்கவிட்டால் தராசு சுமார் 0.45 கிராம் கூடுதலாகக் காட்ட வேண்டும். 22 காரட் தங்கமும் செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 17.6 என்பதிலிருந்து வரும் கணக்கு இது.

19ஆம் நூற்றாண்டில் போலிக்காரர்களுக்குப் பிளாட்டினம் கை கொடுத்தது. அன்று அது தங்கத்தை விட மலிவு, அடர்த்தியோ அதிகம். பிளாட்டினக் கலவையில் அடித்துத் தங்க முலாம் பூசிய அக்காலச் சாவரின்கள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. இன்றைய அச்சம் டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஒட்டி நிற்கிறது. உள்ளே டங்ஸ்டன், மேலே தடித்த தங்கப் போர்வை என்றால் நீர்ச் சோதனை ஏமாறும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியும் மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே பார்ப்பதால் ஏமாறும். ஆனால் மீயொலி ஏமாறாது. தங்கத்துக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் வேகத்தில் போகும். டங்ஸ்டனுக்குள் 5,000 மீட்டருக்கு மேல். மின்கடத்தலிலும் தங்கம் இரு மடங்குக்கு மேல் முந்தும். மேலும் டங்ஸ்டன் 3,400 டிகிரி தாண்டித்தான் உருகும், அடித்தால் உடையும்; நுணுக்கமான உருவம் கொண்ட காசாக அதை அச்சில் அழுத்துவது எளிதல்ல. தங்கக் கட்டிகளுக்குத்தான் அதனால் ஆபத்து அதிகம். 22 காரட் காசுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது: 17.6 அடர்த்தி இருக்க வேண்டிய இடத்தில் டங்ஸ்டன் வந்தால் காசு அளவுக்கு மீறிக் கனக்கும்.

நாணயச்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. கனடா மேப்பிள் இலைக் காசில் மயிரிழை போன்ற ஆரக்கோடுகளையும், ஆண்டு எண் பொதிந்த, உருப்பெருக்கிக்கு மட்டும் தெரியும் லேசர்ப் பொறிப்பையும் சேர்த்திருக்கிறது. 2021 முதல் வரும் பிரிட்டானியாவைச் சாய்த்துப் பார்த்தால் பூட்டு திரிசூலமாக மாறும், பின்னணியில் அலைகள் அசையும். மிலான் பட்டறைகள் திருடியது முத்திரையை என்பதால் இந்த ஏற்பாடுகள் உலோகத்தையல்ல, முத்திரையைத்தான் காக்கின்றன.

அந்த முத்திரை அழிந்தால் என்ன மிஞ்சும் என்பதைப் பெர்லின் காட்டியது. கனடா நாணயச்சாலை 2007இல் 100 கிலோ எடையில் 99.999 விழுக்காடு சுத்தமான மேப்பிள் இலைக் காசுகள் சிலவற்றை அடித்தது. அரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், பத்து லட்சம் கனடிய டாலர் முகமதிப்பு. 100 கிலோ என்றாலும் கொள்ளளவு ஐந்து லிட்டர் தண்ணீர்க் குடுவையை விட வெகுவாக அதிகமில்லை. பெர்லின் போடே அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஒன்றை 2017 மார்ச்சில் திருடர்கள் இரவில் ஜன்னல் வழியே இறக்கி, தள்ளுவண்டியில் உருட்டிச் சென்றார்கள். மூவர் 2020இல் தண்டனை பெற்றார்கள், காசு கிடைக்கவேயில்லை. துண்டாக்கி உருக்கி விற்றிருப்பார்கள் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். அந்த உருவத்தோடு யாரிடமும் விற்க முடியாத ஒரு பொருள், உருவத்தை இழந்த கணத்தில் எங்கும் விலை போகும் பொருளாகிவிட்டது.

நாணயச்சாலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2011இல் ஒரு டன் எடையுள்ள பொற்காசை அடித்துப் புகழ் பெற்ற ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை, ஷாங்காய்ச் சந்தைக்கு அனுப்பிய சில தங்கக் கட்டிகளில் வெள்ளி அனுமதித்த அளவை மீறியிருந்ததாக 2021இல் புகார் எழுந்தது. செய்தி 2023இல் வெளிவந்தது. தேவைக்கு மேல் சுத்தமாக வந்த தங்கத்தில் சிறிதளவு வெள்ளி கலந்து 99.99ஐ ஒட்டிக் கொண்டுவரும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. மொத்த மாற்று 99.99க்குக் குறையவில்லை; ஆனால் ஷாங்காய் விதி வெள்ளிக்குத் தனி வரம்பு வைத்திருந்தது. பிக்ஸ் போன்ற வெளிச் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

இந்திய அரசும் 2015 நவம்பரில் அசோகச் சக்கரம் பொறித்த இந்தியத் தங்க நாணயத்தை அறிமுகம் செய்தது: 24 காரட், 999 மாற்று, ஹால்மார்க் முத்திரையுடன். பிரிட்டனில் சாவரின் சட்டப்படி ஒரு பவுண்டு பணம்; அதனால் அதை விற்று வரும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி கிடையாது. இந்தியாவில் தங்கம் எந்த வடிவில் வந்தாலும் வாங்கும்போது 3 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. விற்கும்போது அது திரும்பி வராது.

எந்த நாட்டு நினைவுக் காசானாலும் வாங்கும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுவிடலாம். காசின் எடையை மாற்றால் பெருக்கி, சுத்தத் தங்கத்தின் அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோகத்தின் மதிப்பு வரும். கேட்கும் விலையில் அதைக் கழித்தால் மிஞ்சுவது கூலி, வரி, நினைவு. சேமிப்புக்காக வாங்குபவருக்கு அந்த மிச்சம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. அவருக்கு ஏற்றவை ஆண்டுதோறும் ஏராளமாக அடிக்கப்படும் சாதாரண முதலீட்டுக் காசுகள். பேத்தி பிறந்த ஆண்டின் காசு வேண்டும், தன் வாழ்நாளில் கண்ட ஒரு நிகழ்வின் அடையாளம் வேண்டும் என்று வாங்குபவருக்கு மிச்சம் பெரிதாக இருந்தாலும் தவறில்லை. ஆனால் அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். விற்கும் நாளில் தங்கக் கடைக்காரர் காசை நிறுத்து, கருவியில் வைத்து, உலோகத்துக்கு மட்டும் விலை சொல்வார். பெட்டியும் சான்றிதழும் கீறாத பரப்பும் சேர்த்து விலை கேட்க வேண்டுமென்றால் அதே நிகழ்வைத் தேடும் சேகரிப்பாளரிடம் போக வேண்டும். அவர் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம்.